ஆட்டிசத்துக்கு "காரணம் கண்டுபிடிச்சு தர்றோம்"னு 48 ஆயிரம் வாங்குன சென்டர் – என் ரிவ்யூ

ரேட்டிங் 5க்கு 1. அந்த ஒண்ணும் சென்டருக்கு இல்லைங்க, அங்க ரிசப்ஷன்ல இருந்த பொண்ணுக்கு. என் பையன் தண்ணி கேன் டேப்ப நாப்பது தடவ திறந்து திறந்து மூடி தரையெல்லாம் ஈரம் பண்ணப்ப முகம் சுளிக்காம துணி எடுத்துட்டு வந்து தொடச்சுச்சு அந்த புள்ள.

பேரு போடல. போட்டா வக்கீல் நோட்டீஸ் வரும்னு வீட்டுக்காரர் பயப்படறாரு, அதுவுமில்லாம இந்த மாதிரி கடை இப்ப ஊருக்கு ஊரு இருக்கு, போர்டு தான் வேற வேற, உள்ள விக்கறது ஒண்ணு தான். அதனால என்ன விக்கறாங்கன்னு மட்டும் சொல்றேன்.

நாங்க திருப்பூர். பையனுக்கு மூணு வயசு முடிஞ்சு 2025 ஜூன்ல ஆட்டிசம்னு சொன்னாங்க. சொன்ன அன்னைல இருந்து வீட்ல ஒரே கேள்வி தான், எதனால. அத்தை சொல்றாங்க வலி வர்றதுக்கு முன்னாடியே வயித்த அறுத்து எடுத்ததால தான்னு, எங்க அம்மா சொல்றாங்க கிரகணத்தன்னைக்கு நான் மொட்ட மாடிக்கு போனதால தான்னு, நாத்தனார் சொல்றாங்க செல்போன் காட்டி சோறு ஊட்டுனதால தான்னு. நான் யாரையும் குத்தம் சொல்ல மாட்டேன், ஏன்னா ராத்திரி ரெண்டு மணிக்கு நானே உக்காந்து அஞ்சாம் மாசம் காய்ச்சல் வந்தப்ப எத்தன பாராசிட்டமால் முழுங்குனேன்னு விரல் விட்டு எண்ணிட்டு இருந்தவ தான். இந்த நிலமைல ஒருத்தி ஃபேஸ்புக் தொறந்தா "மூல காரணத்த கண்டறிவோம்"னு விளம்பரம் வந்தா என்ன பண்ணுவா, போன் பண்ணுவா. பண்ணேன். ஆகஸ்ட்ல.

முதல் கன்சல்டேஷன் 1,500. ஏசி ரூம், சுவர் பூரா குழந்தைங்க சிரிக்கற போட்டோ, மேடம் மேடம்னு அவ்ளோ மரியாதை. எட்டு பக்க ஃபார்ம் ஒண்ணு குடுத்தாங்க, 112 கேள்வி. சிசேரியனா, மாசம் முன்னாடி பொறந்தானா, மஞ்சக்காமாலை லைட்ல வெச்சாங்களா, பொறந்தவுடனே அழுதானா, கர்ப்பமா இருக்கப்ப என்னென்ன மாத்திரை, தடுப்பூசி எல்லாம் போட்டாச்சா, பல்லு அடைச்சிருக்கீங்களா, வீடு மெயின் ரோட்டு மேலயா, பக்கத்துல டவர் இருக்கா, சாயப்பட்டறை இருக்கா, பிளாஸ்டிக் டப்பாவா, நான்ஸ்டிக் தவாவா. நான் ஒவ்வொண்ணா டிக் அடிக்க அடிக்க கையெல்லாம் நடுங்குச்சு. கடைசில கூட்டி "டாக்சிக் லோட்", அதாவது உடம்புல சேந்த நச்சு, நூத்துக்கு 78னு சொன்னாங்க. மார்க் ஷீட் வாங்குன மாதிரி இருந்துச்சு, அதுலயும் ஃபெயிலான மார்க் ஷீட்.

பின்னாடி வீட்டுக்கு வந்து பொறுமையா பாத்தப்ப தான் ஒண்ணு உறைச்சுது. தமிழ்நாட்டுல அஞ்சாவது தேசிய குடும்ப நல சர்வே கணக்குப்படி 44.9 சதவீத பிரசவம் சிசேரியன். கிட்டத்தட்ட பாதிப்பேர். டவர் இல்லாத தெரு எங்க இருக்கு, திருப்பூர்ல சாயப்பட்டறை பக்கம் இல்லாத வீடு எது. அந்த ஃபார்ம்ல கம்மி மார்க் வாங்கணும்னா எங்கயோ மலை மேல தான் பொறந்திருக்கணும். இன்னொண்ணு, 112 கேள்வில அப்பாவ பத்தி இருந்தது ரெண்டே ரெண்டு: பேரு, பணம் கட்டறவர் கையெழுத்து.

அடுத்து ஹேர் மினரல் டெஸ்ட், முடில என்னென்ன உலோகம் எவ்ளோ இருக்குன்னு பாக்கறதாம், 9,500. பையன் பின் கழுத்துல இருந்து முடி வெட்டி கவர்ல போட்டு எங்கயோ லேப்க்கு அனுப்பறாங்க. தலைல கத்திரி பட்டாலே வீடு அதிர அழறவன், ரெண்டு பேர் புடிச்சு தான் வெட்டுனோம். ரிப்போர்ட் கலர் கலரா வந்துச்சு. பாதரசம் சிவப்பு, அலுமினியம் சிவப்பு, ஈயம் ஆரஞ்சு, துத்தநாகம் கம்மி. பாதரசம் என் பல்லு அடைச்ச சிமெண்ட்ல இருந்தும் தடுப்பூசில இருந்தும் வந்துச்சாம், மீதி எங்க ஊரு நொய்யல் ஆத்து தண்ணில இருந்தாம். நொய்யல்னு சொன்னா திருப்பூர்க்காரங்களால மறுத்து பேச முடியுமா? 2011ல ஹைகோர்ட்டே சாயப்பட்டறைய எல்லாம் மூட சொன்ன ஊருங்க இது, எங்க மாமனார் அந்த தண்ணி பாஞ்சு தென்னை காய்ஞ்சத கண்ணால பாத்தவரு. அவரு தான் முதல்ல நம்புனாரு. நச்ச வெளிய எடுக்கறோம்னு சொல்ற மூணு மாச டீடாக்ஸ் பேக்கேஜ் 37,000, அவரே எடுத்து குடுத்தாரு. ஆக மொத்தம் 48,000.

பேக்கேஜ்ல என்ன இருந்துச்சுன்னா, கலர் பாட்டில்ல சொட்டு மருந்து நாலு வகை, ஒட்டகப்பால் பவுடர், ஏதோ களிமண் போட்டு குளிக்க வைக்கற பொடி, அப்புறம் டயட். பால் கூடாது, தயிர் கூடாது, கோதுமை கூடாது, சக்கரை கூடாது. என் பையன் சாப்பிடறதே தயிர்சாதமும் ஒரே ஒரு வகை பிஸ்கட்டும் தான். அத ரெண்டையும் நிறுத்துனா பையன் பட்டினி, ஆறு வாரத்துல 1.4 கிலோ இறங்கிட்டான். போன் பண்ணி கேட்டா "அது கழிவு வெளிய போகுது மேடம், நல்லது"ங்கறாங்க. மூணு வயசு குழந்தை ஒன்னரை கிலோ இளைக்கறது நல்லதாம். அன்னைக்கு ராத்திரியே தயிர்சாதம் பிசைஞ்சு குடுத்துட்டேன், ரெண்டு கிண்ணம் சாப்பிட்டான் என் சாமி.

ரெண்டாவது மாசம் பையன் "தண்ணி"ன்னு சொன்னான். முதல் வார்த்தை. சந்தோஷத்துல சென்டர்க்கு சொல்லிட்டேன், உடனே வீடியோ எடுத்து அனுப்புங்கன்னு கேக்கறாங்க, விளம்பரத்துக்கு. அதே ரெண்டு மாசமா வாரம் மூணு நாள் ஸ்பீச் தெரபி போயிட்டு இருந்தோம், தண்ணி கேக்கறப்ப எல்லாம் டம்ளர கைல வெச்சுட்டு பத்து செகண்ட் நிக்க சொல்லி அந்த தெரபிஸ்ட் தான் சொல்லி குடுத்தது. களிமண்ணுக்கு கிரெடிட் போகுது. வீடியோ அனுப்பல.

இப்ப ரிவ்யூவோட முக்கியமான இடத்துக்கு வர்றேன். எங்க பேரண்ட்ஸ் வாட்ஸப் குரூப்ல ஒரு அக்கா இருக்காங்க, லேப் டெக்னீஷியனா வேலை பாத்தவங்க, அவங்க சொன்னாங்க: 2001ல அமெரிக்காவுல ஒரே ஆளோட முடிய பிரிச்சு ஆறு கமர்ஷியல் லேப்க்கு அனுப்பி பாத்தாங்களாம், ஆறும் ஒத்துப்போகல, ஒரு லேப்ல ஜாஸ்தி இன்னொரு லேப்ல கம்மி, சொல்ற அறிவுரையும் முரண். பெரிய மெடிக்கல் ஜர்னல்லயே வந்துச்சாம். சரி நாமளும் பாப்போம்னு தோணுச்சு. மூணாவது மாசம் ரீடெஸ்ட் பேக்கேஜ்லயே அடக்கம். அதே பையன், அதே பின் கழுத்து, அதே கத்திரி, ஒரே நாள், முடிய ரெண்டு கவர்ல போட்டேன். ஒண்ணு அவன் பேர்ல, இன்னொண்ணு என் தங்கச்சி பையன் பேர்ல, அதுக்கு தனியா 9,500. வீட்டுக்காரருக்கு இத படிச்சா தான் தெரியும், மன்னிச்சுக்கோங்க.

ரெண்டு ரிப்போர்ட்டும் வந்துச்சு. எங்க பையனுக்கு பாதரசம் பச்சைக்கு வந்துடுச்சு, "பாத்தீங்களா மேடம் டீடாக்ஸ் வேலை செய்யுது". தங்கச்சி பையன் பேர்ல போன அதே முடில பாதரசம் சிவப்பு, புதுசா ஆர்சனிக் ஆரஞ்சு, அலுமினியம் பச்சை. ஒரே தலைங்க! அடுத்த நாளே தங்கச்சிக்கு போன், "உங்க பையனுக்கு பேச்சு லேட்டா மேடம்?". அவன் காலைல கண்ணு முழிச்சதுல இருந்து தூங்கற வரைக்கும் பேசிட்டே இருக்கற ஜென்மம், அவன் வாய மூட தான் மருந்து வேணும்.

இதோட விட்டிருந்தா கூட பணம் போச்சுன்னு இருந்திருப்பேன். அடுத்த ஸ்டேஜ்னு கீலேஷன் பத்தி பேசுனாங்க, ரத்தக்குழாய்ல மருந்து ஏத்தி உலோகத்த வெளிய எடுப்பாங்களாம். இதுக்கு மேல ஜோக் இல்ல, கவனமா படிங்க. 2005ல அமெரிக்காவுல பென்சில்வேனியால அஞ்சு வயசு ஆட்டிசம் பையன் ஒருத்தன் இந்த ட்ரீட்மெண்ட் எடுக்கறப்பவே செத்துப்போனான், ரத்தத்துல கால்சியம் இறங்கி இதயம் நின்னுருச்சு. ஆட்டிசத்துக்கு கீலேஷன் பலன் தருதான்னு பாக்க அமெரிக்க அரசாங்கமே பிளான் பண்ணியிருந்த ஆராய்ச்சிய 2008ல ஆபத்துன்னு கைவிட்டுட்டாங்க. ஈய விஷம் ஏறி ரத்தத்துல அளவு நிஜமாவே ரொம்ப கூடுன குழந்தைக்கு ஆஸ்பத்திரில குடுக்கற மருந்து அது, முடி ரிப்போர்ட்ட பாத்து குடுக்கறது இல்ல. எந்திரிச்சு வந்துட்டோம். ரீஃபண்ட் கேட்டேன், "சர்வீஸ் முடிஞ்சுடுச்சு"ன்னாங்க. பில்ல அப்ப தான் ஒழுங்கா பாத்தேன், "வெல்னஸ் கன்சல்டேஷன்"னு தான் இருக்கு, ட்ரீட்மெண்ட்னோ டாக்டர் பேரோ ரெஜிஸ்டர் நம்பரோ எதுவும் இல்ல. நீங்க எங்க போனாலும் பணம் கட்றதுக்கு முன்னாடி பில்லுல என்ன எழுதறாங்கன்னு கேட்டு பாருங்க, பாதி விஷயம் அங்கயே தெரிஞ்சுடும்.

இப்ப ரெண்டாவது ரிவ்யூ, கவர்மெண்ட் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரில இருக்க டிஇஐசி. குழந்தைங்களுக்கு வளர்ச்சி தாமதம், காது, பேச்சு எல்லாம் ஒரே இடத்துல பாக்கற சென்டர், 2013ல வந்த திட்டம், காசு கிடையாது. ரேட்டிங் 4. ஒண்ணு குறைச்சது ஏன்னா மூணு மணி நேரம் வெயிட்டிங், ஃபேன் சத்தத்துக்கு பையன் காத பொத்திட்டு கத்துனான், ஸ்பீச் தெரபிஸ்ட் வாரத்துல ரெண்டு நாள் தான், அதுலயும் 25 நிமிஷம்.

ஆனா அந்த டாக்டரம்மா. நான் அந்த எட்டு பக்க ஃபார்ம கொண்டு போய் டேபிள் மேல வெச்சு "இதுல எது காரணம்னு சொல்லுங்க"ன்னு அழுதுட்டேன். சிவப்பு பேனா எடுத்து ஒவ்வொரு கேள்வியா வந்தாங்க.

தடுப்பூசி: ஒரே கோடு, அடிச்சாச்சு. 1998ல 12 குழந்தைங்கள வெச்சு ஒரு டாக்டர் எழுதுன கட்டுரை தான் இந்த பயத்துக்கே ஆரம்பம், 2010ல அந்த பத்திரிகையே கட்டுரைய வாபஸ் வாங்கிடுச்சு, அதே வருஷம் அவரோட டாக்டர் பதிவையும் எடுத்துட்டாங்க. 2019ல டென்மார்க்ல 6,57,461 குழந்தைங்கள பாத்தாங்க, தட்டம்மை, அம்மைக்கட்டு, ரூபெல்லா மூணுக்கும் சேத்து போடற எம்எம்ஆர் ஊசி போட்டவங்களுக்கு ஆட்டிசம் கூடல. தடுப்பூசி கெடாம இருக்க சேக்கற பாதரசம் கலந்த மருந்த டென்மார்க்ல 1992லயே நிறுத்துனாங்க, அதுக்கப்புறமும் ஆட்டிசம் கணக்கு ஏறிட்டு தான் போச்சு.

சிசேரியன்: இதுக்கு தான் ரொம்ப நேரம் எடுத்துக்கிட்டாங்க, கூட வந்த அத்தையும் கேக்கணும்னு. மேலோட்டமா எண்ணுனா சிசேரியன்ல பொறந்தவங்கள்ல ஆட்டிசம் கொஞ்சம் ஜாஸ்தியா தான் தெரியும். ஆனா சிசேரியன் யாருக்கு பண்றாங்க, ஏற்கனவே ஏதோ சிக்கல் இருக்கறவங்களுக்கு, வயசானவங்களுக்கு. அதனால ஸ்வீடன்ல என்ன பண்ணாங்கன்னா ஒரே அம்மாவோட பசங்கள எடுத்து ஒண்ணு சிசேரியன், ஒண்ணு நார்மல்னு இருக்கறவங்கள பக்கத்துல வெச்சு பாத்தாங்க. 2015ல வந்துச்சு. வித்தியாசம் காணாம போச்சு. "அறுத்ததால வந்ததில்லைங்மா"ன்னு அத்தைய பாத்தே சொன்னாங்க. அத்தை ஒண்ணும் பேசல, ஆனா அன்னைக்கு பஸ்ல பையன மடில வெச்சுட்டு வந்தாங்க.

பாராசிட்டமாலும் இதே கதை. 2025 செப்டம்பர்ல அமெரிக்க அதிபர் டிரம்ப் கர்ப்பிணிங்க அத சாப்பிடாதீங்கன்னு டிவில சொன்னப்ப எங்க குடும்ப குரூப்ல மட்டும் பதினோரு ஃபார்வர்டு, எல்லாமே மறைமுகமா எனக்கு. ஸ்வீடன்ல கிட்டத்தட்ட 25 லட்சம் குழந்தைங்கள வெச்சு 2024ல வந்த ஆய்வுல, மொத்தமா பாத்தா சின்ன வித்தியாசம், அண்ணன் தம்பிய ஒப்பிட்டு பாத்தா அதுவும் இல்ல. கர்ப்பத்துல கடும் காய்ச்சல அப்படியே விடறது தான் ஆபத்துன்னாங்க.

மாத்திரைல அவங்க அடிக்காம வட்டம் போட்டது ஒண்ணு, வலிப்புக்கு குடுக்கற வால்ப்ரோயேட். நான் சாப்பிட்டதில்ல, ஆனா குரூப்ல யாராவது இருந்தா தெரிஞ்சுக்கோங்க. டென்மார்க் கணக்குல கர்ப்பத்துல அத எடுத்தவங்க குழந்தைங்கள்ல 4.42 சதவீதம் பேருக்கு ஆட்டிசம், பொதுவா 1.53. தானா நிறுத்திடாதீங்க, வலிப்பு வந்தா அது உயிருக்கே ஆபத்து, குழந்தைக்கு பிளான் பண்றப்பவே நியூராலஜிஸ்ட்ட கேட்டு மாத்திக்கணும். அம்மாவுக்கு கர்ப்பத்துல ரூபெல்லாங்கற அம்மை மாதிரி வைரஸ் காய்ச்சல் வந்தாலும் குழந்தைக்கு ஆட்டிசம் வர்ற வாய்ப்பு கூடும், அமெரிக்காவுல 1964ல ரூபெல்லா பரவுனப்ப பொறந்த பசங்கள பாத்து கண்டுபிடிச்சது. அந்த ரூபெல்லாவ தடுக்கறதே தடுப்பூசி தான், சென்டர்காரங்க இத எங்கயும் சொல்லல பாருங்க.

என் பையன் 35 வாரத்துல பொறந்தான், அழறதுக்கு ரெண்டு நிமிஷம் ஆச்சு, ஆறு நாள் லைட்ல இருந்தான். இது மூணையும் அடிக்கல, லேசா அடிக்கோடு போட்டாங்க. இதெல்லாம் வாய்ப்ப கொஞ்சம் கூட்டற விஷயங்கள். ஸ்வீடன்ல 40 லட்சம் பேர் கணக்குல முழு மாசத்துல பொறந்தவங்கள்ல 1.4 சதவீதம் பேருக்கு ஆட்டிசம், 34ல இருந்து 36 வாரத்துக்குள்ள பொறந்தவங்கள்ல 1.9. அதாவது ஆயிரத்துக்கு 14 பேர் 19 பேர் ஆகுது, மீதி 981 பேருக்கு ஒண்ணுமில்ல. 28 வாரத்துக்கு முன்னாடி பொறந்தா தான் 6 சதவீதத்துக்கு போகுது. அதுவுமில்லாம குழந்தை கருவுலயே வேற மாதிரி வளர்றதால கூட பிரசவம் கஷ்டமா ஆகலாம், எது முன்னாடி எது பின்னாடின்னு பிரிக்க முடியாதுன்னு சொன்னாங்க.

ரோட்டோர வீட்டுக்கு கேள்விக்குறி. கலிஃபோர்னியால ஹைவேக்கு 300 மீட்டர் சொச்சத்துக்குள்ள வீடு இருந்தவங்க குழந்தைங்கள்ல ஆட்டிசம் ஜாஸ்தி தெரிஞ்சுதுன்னு 2011ல ஒரு ஆய்வு, அப்புறமும் புகைக்காத்த பத்தி நிறைய வந்திருக்கு, ஆனா இது தான் காரணம்னு முடிவா சொல்ற இடத்துக்கு யாரும் வரல. நொய்யலுக்கு அவங்க சொன்ன பதில் எனக்கு புடிச்சுது: "அந்த ஆத்துக்காக சண்டை போட ஆயிரம் காரணம் இருக்கு, உங்க பையன அதுல ஆயிரத்தி ஒண்ணாவதா சேக்காதீங்க."

அப்புறம் ஃபார்ம திருப்பி பின்பக்கம் பெருசா எழுதுனாங்க, 80. 2019ல அஞ்சு நாட்டுல 20 லட்சம் பேர பாத்ததுல ஆட்டிசம் யாருக்கு வருதுங்கற வித்தியாசத்துல 80 சதவீதம் கிட்ட ஜீன் தான்னு கணக்கு. என் பையன்கிட்ட 80 சதவீதம் ஜீன் 20 சதவீதம் தண்ணின்னு அர்த்தம் இல்ல, மொத்த கூட்டத்துக்கு சொல்ற கணக்கு. அப்பா வயசு என்னன்னு கேட்டாங்க, பையன் பொறந்தப்ப 38. அதுவும் கொஞ்சமா வாய்ப்ப கூட்டும்னு பல ஆய்வுல வந்திருக்காம். வீட்டுக்காரர் முகத்த பாக்கணுமே, நாலு மாசமா எல்லாரும் என்னயவே பாத்துட்டு இருந்தாங்க, முதல் தடவையா எல்லாரும் அவர பாத்தாங்க. திருப்பூர் பஸ் ஸ்டாண்டுல எந்த பஸ் எத்தன மணிக்குன்னு முப்பது வருஷமா மனப்பாடமா சொல்ற சின்ன மாமனார் ஒருத்தர் இருக்காரு, அவரயும் அப்ப தான் எல்லாருக்கும் ஞாபகம் வந்துச்சு.

அறுபது வருஷத்துக்கு முன்னாடி டாக்டருங்களே அம்மா பாசம் காட்டாததால தான் ஆட்டிசம்னு சொல்லிட்டு இருந்தாங்களாம், ஃப்ரிட்ஜ் மாதிரி சில்லுனு இருக்கற அம்மான்னு பேரே வெச்சு. 1964ல ஆட்டிசம் பையனோட அப்பா ஒருத்தர், அவரே சைக்காலஜிஸ்ட், அது தப்புன்னு புத்தகமே எழுதுனாரு. இப்ப ஃப்ரிட்ஜுக்கு பதிலா நான்ஸ்டிக் தவா வந்திருக்கு, அவ்ளோ தான்.

ஈயம் மட்டும் ரத்தத்துல பாத்துடலாம்னு எழுதி குடுத்தாங்க, கண்டத வாயில போடற பழக்கம் இவனுக்கு இருக்கறதால. டெசிலிட்டருக்கு 3 மைக்ரோகிராம் வந்துச்சு, 5க்கு மேல போனா தான் எங்கிருந்து வருதுன்னு தேடணுமாம். கலர் ஏத்துன லூஸ் மஞ்சத்தூள் வாங்காதீங்க, பழைய பெயிண்ட் உரியற சுவத்த சொரண்ட விடாதீங்கன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. ரெண்டாவது குழந்தைய பத்தி கேட்டதுக்கு மறைக்காம சொன்னாங்க, கூட பொறக்கறவங்களுக்கு அஞ்சுல ஒண்ணு வாய்ப்பு, பிளான் பண்ணா ஒரு மாசம் முன்னாடியே ஃபோலிக் ஆசிட் ஆரம்பிங்க, நார்வேல 85 ஆயிரம் குழந்தைங்கள பாத்ததுல அப்படி எடுத்தவங்க குழந்தைங்கள்ல ஆட்டிசம் கம்மியா இருந்துச்சுன்னு. அதே இடத்துல ஊனமுற்றோர் சான்றிதழுக்கு அசெஸ்மெண்ட், யூடிஐடிங்கற மாற்றுத்திறனாளி அடையாள கார்டு, வருஷம் ஒரு லட்சம் வரைக்கும் வர்ற நிராமயா மருத்துவ இன்சூரன்ஸ் ஃபார்ம் எல்லாம் சொன்னாங்க, இத பத்தி 48 ஆயிரம் வாங்குன இடத்துல ஒரு வார்த்தை கிடையாது.

எனக்கு ஆன செலவு பஸ் சார்ஜ், ரெண்டு டீ, பையனுக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட்.

அப்டேட்: பொங்கலுக்கு சென்டர்ல இருந்து தங்கச்சிக்கு போன் வந்திருக்கு, பையனோட பாதரசம் ரொம்ப ஜாஸ்தி, இந்த வாரம் சேந்தா 20 சதவீதம் டிஸ்கவுண்டாம். போன எடுத்தது அந்த வாயாடி தான், அரை மணி நேரம் விடாம பேசியிருக்கான், கடைசில அவங்களே கட் பண்ணிட்டாங்க.